வெளியூர் வேட்பாளர்: ஆட்சேபணையை எங்கே, எப்போது கொடுப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

"ஊரில் குடியில்லாதவர் எப்படி நிற்கலாம்?" என்று இரண்டு நாளாக மடல்கள் வந்தபடி இருக்கின்றன. எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்தது அது.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவர் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்குத் தமிழ்நாட்டின் எந்தத் தொகுதிப் பட்டியலில் இருந்தாலும் போதும். மாநிலங்களவைக்கு 2003 வரை அந்தந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டியிருந்தது. மன்மோகன் சிங் அசாமின் திஸ்பூர் பட்டியலில் பெயர் சேர்த்தது அதனால்தான். பிறகு அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கம் செல்லும் என்றது.

நம் ஆட்கள் தவறவிடுவது ஒன்றைத்தான். வேட்புமனுப் பரிசீலனையன்று போய் "இவர் இங்கே குடியில்லை" என்றால் எடுபடாது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில், பட்டியலில் பெயர் இருப்பதற்கான சான்று நகலே முடிவான ஆதாரம். குடியிருப்பைத் தோண்டித் துருவத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அதிகாரமில்லை. அதை முன்கூட்டியே வாக்காளர் பதிவு அலுவலரிடம், பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் படிவம் 7இல் கேட்க வேண்டும். ஊராட்சிப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுப்பதுதான், ஆகவே அங்கும் இதுவே வழி. சங்கத்தின் லெட்டர்பேடில் மனு அனுப்பிப் பயனில்லை. அதே தொகுதி வாக்காளர் ஒருவர் தம் பெயரில் கையெழுத்திட வேண்டும். காரணம் "நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்". முடிவு பிடிக்கவில்லையென்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்தால் தேர்தல் முடியும்வரை பட்டியலில் கை வைக்க முடியாது.

குடியுரிமை வேறு கதை. இந்தியக் குடிமகன் இல்லையென்பதைப் பரிசீலனையிலும் எழுப்பலாம். தெலங்கானாவின் வேமுலவாடாவில் பலமுறை வென்ற சென்னமனேனி ரமேஷ் ஜெர்மன் குடியுரிமை பெற்றிருந்தவர். மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்டபோது, அதற்கு முந்தைய 12 மாதமும் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் சிக்கினார். 2024 டிசம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அவருக்கு 30 லட்சம் ரூபாய் வழக்குச் செலவுத்தொகை விதித்தது. ஆனால் அதற்குள் பதவிக்காலங்களே முடிந்துவிட்டன!

அடுத்தவரைக் கேட்குமுன் நம் பெயர்களையும் பார்த்துக்கொள்வோம். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் குடியிருப்பு ஆகாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்துகொண்டு, உள்ளூர்வாசி என்று பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தால் பொய் உறுதிமொழி: ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு உரியது படிவம் 6ஏ. கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்கான தொகுதியில்தான் பெயர் சேரும். படம், முகவரி, செல்லுபடியாகும் விசா உள்ள பக்கங்களின் நகல் வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். தேர்தலன்று அசல் கடவுச்சீட்டோடு நேரில் வர வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கு ஓட்டும் இல்லை, போட்டியும் இல்லை.

சட்டமன்றத்துக்கு நம்மவர் யாராவது நிற்பதானால் இரண்டு விஷயம். வேறு தொகுதி வாக்காளர் என்றால், தம் பெயர் உள்ள பட்டியல் பகுதியின் சான்று நகலை மனுவோடு இணைக்க வேண்டும், அல்லது பரிசீலனையில் காட்ட வேண்டும். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியை, மனு கொடுத்த பின், பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பரிசீலனையன்று காலையில் எடுத்தால் மனு தள்ளுபடி.

படிவம் 7 கொடுப்பதென்றால், ஊரில் கையெழுத்திட யார் தயார் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.