புதுப்பிப்பு: கதீட்டர் பட்டைக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டாச்சு

கோத்தகிரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, சிறுநீர் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உடலுக்குள் வைக்கும் குழாய்) இழுபடாமல் தொடையோடு பிடித்துவைக்க ஒரு பட்டை செய்திருக்கிறார், அதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "முறைக்குக் காப்புரிமை கேட்காதீர்கள், கருவிக்குக் கேளுங்கள்" என்ற யோசனைதான். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சிகிச்சை முறைகளை விலக்கிவிடுகிறது; கருவிக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பட்டையை எப்படிக் கட்டுவது என்பதை விட்டுவிட்டு, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவ்வும் அதன் வடிவத்தை விவரித்து எழுதினோம்.

அப்புறம் தற்காலிக விண்ணப்பம், அதாவது முழு விவரம் தருவதற்கு முன் தேதியைப் பிடித்துவைக்கும் முதல் விண்ணப்பம். சென்னை காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே அனுப்பலாம், மலை இறங்க வேண்டாம். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தரவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பிக்கும் முன் படமோ அளவோ பொதுவில் போடாதீர்கள், இது ரொம்ப முக்கியம். உள்ளே சிறு பலூன் ஊதி நழுவாமல் நிறுத்தும் பலூன் கதீட்டருக்குப் பெயர் தந்த டாக்டர் ஃபோலிக்கே 1930களில் அதன் காப்புரிமை கைநழுவி, முந்தி விண்ணப்பித்த ரைஷ் என்பவருக்குப் போனது.

எதிர்பாராதது குளிர். இங்கே நோயாளிகள் கம்பளித் துணிக்கு மேல் கட்டிக்கொள்ள, பட்டை வழுக்கியது. உள்பக்கம் சிலிக்கோன் கோடுகள் வைத்ததும் சரியாகிவிட்டது. அதையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டோம்.

விற்பதற்கு 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி நடக்க வேண்டும், அது தனி வேலை. இனி அதைத்தான் பார்க்கிறோம்.