.375 ரைபிள்: குழல் சூடேறியதும் வெடி வலப்பக்கம் விலகுகிறது, ஏன்?

வெள்ளவத்தை இளையவன்:
அப்பப்பாவிடமிருந்து அப்பாவுக்கும், பிறகு எனக்கும் அனுமதிப்பத்திரத்தோடு வந்த துவக்கு. மௌசர் 98 வகை, .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் மக்னம் ரவை, குழலைத் தாங்கும் கட்டை வோல்நட் மரம். சுடுதளத்தில் 100 மீற்றரில் முதல் வெடி குறியில் விழுகிறது. அடுத்தவை வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகின்றன. மாசியில் இந்தத் தொல்லை இல்லை. ஐப்பசி மழையோடு வந்தது. குழல் தேய்ந்துவிட்டதென்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

ஊவாக் கிழவர்:
தேய்ந்த குழல் வெடிகளைச் சிதறடிக்கும், தம்பி. ஒரே பக்கமாகத் தள்ளாது. மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. ஊதிய கட்டை குழலைத் தொடும்; சூடு ஏற ஏற அந்த அழுத்தமும் மாறும். அறையில் ரவை இல்லையென்று விரல்விட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஒரு இருபது ரூபாய் நோட்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
தொலைநோக்கியின் பிடிகளையும் பாருங்கள். 1912இல் பெருமிருகங்களுக்கென்று வந்த ரவை இது. உதைக்கிற உதையில் திருகாணி தளர்வது சாதாரணம். குழலை ஆறவிட்டால் வெடி மறுபடி குறிக்கே வருகிறதா? வந்தால் கிழவர் சொன்னதே சரி.

வெள்ளவத்தை இளையவன்:
வருகிறது. நோட்டு, முன்கட்டையின் முனையிலிருந்து நான்கு விரற்கடை தாண்டியதும் இடப்பக்கம் இறுகி நின்றது. வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே அந்த இடத்தில் மரம் மினுங்குகிறது. நானே தேய்த்துவிடலாமா, ஐயா?

ஊவாக் கிழவர்:
வேண்டாம். கூடுதலாக எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொடுங்கள். மினுங்கும் இடத்தை மட்டும் சுரண்டட்டும். பின்னுதையைத் தாங்கும் இரும்புக்குப் பின்னாலுள்ள மரத்தில் கைவைக்கக் கூடாது. அங்கே இடைவெளி விழுந்தால் .375 கட்டையையே பிளந்துவிடும். சுரண்டிய இடத்தில் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். வெளியே கண்ணாடிபோல் மினுக்கிவிட்டு உள்ளே வெறும் மரமாக விடுவது பழைய வேலைக்காரர் பலரின் வழக்கம். அடுத்த மாரிக்கு அது மீண்டும் ஊதும்.

கொட்டாஞ்சேனையான்:
அப்பப்பா காலத்து ரவை ஏதும் சுடுகிறீர்களா? அந்தக் காலத்து வெடிமூடிகளில், அதாவது ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் உப்பு படியும்; எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருவுக்கு அழைப்பிதழே தேவையில்லை.

வெள்ளவத்தை இளையவன்:
இல்லை, புதிய ரவைதான். துவக்கைத் தோலுறையில் போட்டுப் பூட்டிவைக்கிறேன்.

ஊவாக் கிழவர்:
உறையைக் கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.