ஆர்டிபி செஷன்ல சந்தேகமா ஏதாவது நடந்தா சர்வரே தானா நடவடிக்கை எடுக்கிற மாதிரி செட் பண்றது எப்படி?

மன்னை_சிஸ்டம்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு சிஸ்டம் நெட்வொர்க் எல்லாம் நான் தான் பாத்துக்கறேன். ஒரே ஒரு விண்டோஸ் சர்வர், அதுல டேலி, எடைமேடை சாஃப்ட்வேர், எக்செல். மில்லுல உள்ளவங்க, திருவாரூர் கிளை, நாகப்பட்டினம் கோடவுன், அப்புறம் வெளியில இருந்து ஆடிட்டர் ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்ல (ஆர்டிபி, தூரத்துல இருந்தே சர்வர் ஸ்கிரீன தொறக்கறது) தான் உள்ள வராங்க. ஆடிட்டிங் ஆன் பண்ணி வச்சிருக்கேன், யார் எப்ப வந்தா, எந்த ஐபில இருந்து வந்தா, எப்ப போனான்னு லாக் வந்துகிட்டே இருக்கு. ஆனா அத தினமும் உக்காந்து பாக்க ஆள் இல்ல, நானே வாரத்துல ஒரு நாள் பாத்தா பெரிய விஷயம்.

முதலாளி என்ன கேக்கறார்னா, தப்பா எதாவது நடந்தா சர்வரே அந்த ஆள உடனே வெளிய தள்ளிடணும், எனக்கு போனுக்கு மெசேஜ் வரணும்ங்கறார். நான் யோசிச்சது இது தான்: பாஸ்வேர்ட் தொடர்ந்து தப்பா போட்டா அந்த ஐபிய பிளாக் பண்றது, ராத்திரி 9 மணிக்கு மேல யாராவது லாகின் பண்ணா லாக்ஆஃப் பண்றது, டேட்டா ஃபோல்டர்ல இருந்து நிறைய ஃபைல் காப்பி ஆனா அக்கவுண்டயே முடக்கறது. டாஸ்க் ஷெட்யூலர்ல (விண்டோஸ்ல வேலைய தானா ஓட விடற டூல்) ஈவென்ட்டுக்கு, அதாவது லாக்ல விழற பதிவுக்கு, டாஸ்க் மாட்டலாம்னு தெரியும், ஒண்ணு மாட்டியும் பாத்தேன், சில சமயம் ஓடுது, சில சமயம் ஓடவே இல்ல, ஏன்னு புரியல. சம்பா அறுவடை வரப்போகுது, அதுக்குள்ள முடிக்கணும். இத செஞ்சு அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

நாகை_நெட்வொர்க்:

தம்பி, முதல்ல ஒரு கேள்வி, உங்க 3389 போர்ட் (ஆர்டிபி உள்ள வர்ற கதவு) நேரா இன்டர்நெட்டுக்கு தொறந்திருக்கா? தொறந்திருந்தா மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அத மூடுங்க. தொறந்த போர்ட்டுக்கு உலகம் பூரா இருந்து பாட் (தானா ஓடற ப்ரோக்ராம்) வந்து தட்டிகிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல தப்பு லாகின் வரும், அது ஒவ்வொண்ணுக்கும் நீங்க அலர்ட் வச்சா ரெண்டாவது நாளே போன சைலன்ட்ல போட்டுடுவீங்க. ஒயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் (நம்ம மெஷின்கள் மட்டும் வர்ற தனி பாதை) போட்டு அது வழியா மட்டும் ஆர்டிபி விடுங்க.

இன்னொண்ணு, ஐபி பிளாக் பண்ற ஐடியா நம்ம ஊருக்கு சரிப்படாது. கோடவுன்ல சிம் போட்ட ரவுட்டர் தானே வச்சிருப்பீங்க? மொபைல் நெட்ல ஒரே பப்ளிக் ஐபிக்கு பின்னாடி நூத்துக்கணக்கான ஆளுங்க இருப்பாங்க, சிம் கம்பெனியே அப்படி சேத்து விடறாங்க, அதுக்கு கேரியர் நாட்னு பேரு. நீங்க ஒரு ஐபிய தடுத்தா அதே டவர் பக்கம் இருக்கற உங்க சொந்த ஆளும் சேந்து மாட்டுவான், நீங்க தடுக்க நினைச்சவனோ ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வேற ஐபில வந்துடுவான். ஒயர்கார்ட்ல ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நிரந்தர ஐபி குடுத்துடலாம், வெளி ஐபி மாறினாலும் கனெக்‌ஷன் தானா ஒட்டிக்கும், அப்ப லாக்ல வர்ற ஐபிய பாத்தாலே இது நாகை கோடவுன் மெஷின், இது ஆடிட்டர் லேப்டாப்னு தெரிஞ்சிடும். அதுக்கு மேல தான் ஆட்டோமேட்டிக்கா நடவடிக்கைங்கறதுக்கே அர்த்தம் இருக்கு.

குடந்தை_அட்மின்:

நாகை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. டாஸ்க் ஏன் சில சமயம் ஓடலன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நான் சொல்றேன், ரெண்டு இடம் பாருங்க.

டாஸ்க்கோட கண்டிஷன்ஸ் டேப்ல "ஏசி பவர்ல இருந்தா மட்டும் தொடங்கு"ன்னு ஒரு டிக் டீஃபால்ட்டாவே இருக்கும். உங்க யுபிஎஸ்ஸ யுஎஸ்பி ஒயர் போட்டு சர்வர்ல மாட்டியிருந்தா விண்டோஸ் அத பேட்டரியா தான் பாக்கும். கரண்ட் போன உடனே சர்வர் பேட்டரில ஓடுதுன்னு நினைச்சுகிட்டு டாஸ்க்க தொடங்கவே தொடங்காது. ஐப்பசி கார்த்திகை மழைல நம்ம பக்கம் கரண்ட் எப்படி போயிட்டு போயிட்டு வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த டிக்க எடுத்துடுங்க, கீழயே "பேட்டரிக்கு மாறினா நிறுத்து"ன்னு இருக்கும், அதையும் எடுங்க.

ரெண்டாவது, செட்டிங்ஸ் டேப்ல கடைசி வரி, டாஸ்க் ஏற்கனவே ஓடிகிட்டு இருந்தா என்ன செய்யணும்னு கேக்கும். டீஃபால்ட்டா "புதுசா ஒண்ணு தொடங்காதே"ன்னு தான் இருக்கும். முத ஈவென்ட்டுக்கு ஸ்கிரிப்ட் ஓடிகிட்டு இருக்கறப்பவே அடுத்த ஈவென்ட் வந்தா அது அப்படியே விழுந்துடும். அத க்யூவுல போடற ஆப்ஷனுக்கு மாத்துங்க. அப்புறம் டாஸ்க்கு உள்ளயே ஈமெயில் அனுப்பற ஆக்‌ஷன் இருக்கும், அத நம்பாதீங்க, சர்வர் 2012லயே அத கைவிட்டாச்சு. ஒரு சின்ன பவர்ஷெல் (விண்டோஸோட கமாண்ட் மொழி) ஸ்கிரிப்ட் எழுதி டெலிகிராம் பாட்டுக்கு மெசேஜ் அனுப்பறது தான் சுலபம், காசும் கிடையாது.

எந்த ஈவென்ட் நம்பர்னு பாத்தா, தப்பு லாகின் 4625, சரியான லாகின் 4624. இங்க ஒரு பெரிய குழி இருக்கு. ஆர்டிபின்னா லாகான் டைப் (எந்த வழியா வந்தாங்கன்னு சொல்ற நம்பர்) 10ன்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க, அத நம்பி 4625க்கும் டைப் 10ன்னு ஃபில்டர் போட்டீங்கன்னா ஒண்ணுமே வராது. என்எல்ஏ (ஸ்கிரீன் தொறக்கறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் கேக்கற செட்டிங்) ஆன்ல இருந்தா தப்பு லாகின் எல்லாம் டைப் 3ஆ தான் பதிவாகும். செஷன் அறுந்து போறது 4779, திரும்ப ஒட்டறது 4778. லைன் விட்டு விட்டு வர்ற நாள்ல இது ரெண்டும் ஜோடி ஜோடியா கொட்டும், அது மேல எந்த நடவடிக்கையும் வைக்காதீங்க.

தப்பு பாஸ்வேர்ட் மட்டும் வந்தா அது மறதி தான், பெரும்பாலும் பாஸ்வேர்ட் மாத்தின மறுநாள் கிளை கம்ப்யூட்டர்ல பழசு சேவ் ஆகி கிடந்து அது பாட்டுக்கு முட்டிகிட்டு இருக்கும். தொடர்ந்து தப்பு வந்து, அதுக்கு அப்புறம் அதே அக்கவுண்ட்ல, அதுவும் வழக்கமா வராத மெஷின்ல இருந்து, ஒரு 4624 வந்தா தான் எந்திரிச்சு உக்காரணும். புதுசா யூசர் உருவானா 4720, அட்மின் குரூப்ல ஆள சேத்தா 4732, செக்யூரிட்டி லாக்க அழிச்சா 1102. இந்த மூணும் உங்க மில்லுல நீங்க செய்யாம நடக்க வழியே இல்ல, அதனால இதுக்கெல்லாம் தயங்காம கடுமையா வைக்கலாம்.

திருவாரூர்_கணக்கு:

நான் சிஸ்டம் ஆள் இல்ல, ஒரு மில்லுல கணக்கு எழுதறவ. இந்த கேள்விய பாத்ததும் பதில் போடணும்னு தோணிச்சு, ஏன்னா நீங்க வெளிய தள்ளணும்னு சொல்ற ஆள் நாங்க தான்.

ராத்திரி 9 மணி ரூல தயவுசெஞ்சு வைக்காதீங்க தம்பி. தை மாசி ரெண்டு மாசமும் லாரி எந்த நேரத்துல வரும்னு யாருக்கும் தெரியாது. பதினொரு மணிக்கு எடைமேடைல லோடு ஏறி நிக்கும், டிரைவர் சீட்டு குடுங்க கிளம்பணும்னு நிப்பாரு, ஈரப்பதம் பாத்து மூட்டை கணக்கு போட்டு பாதி வவுச்சர் அடிச்சுகிட்டு இருக்கறப்ப ஸ்கிரீன் பட்டுனு மூடிச்சுன்னா அந்த வவுச்சர் போச்சு, திரும்ப மொதல்ல இருந்து அடிக்கணும், அந்த அவசரத்துல எடை மாத்தி விழுந்தா அத கண்டுபிடிக்கறதுக்கு மாசக் கடைசி வரைக்கும் ஆகும். ஜிஎஸ்டி வேலையும் அப்படி தான், 11ஆம் தேதிக்கு முன்னாடியும் 20ஆம் தேதிக்கு முன்னாடியும் ஆடிட்டர் ஆபீஸ் பசங்க நடுராத்திரில தான் உள்ள வருவாங்க. அது திருட்டு இல்ல, வேலை.

இன்னொண்ணும் சொல்றேன். கண்காணிப்பு இருக்குன்னு முன்னாடியே எல்லாரையும் உக்கார வச்சு சொல்லிடுங்க. என்னென்ன பதிவாகுது, என்ன பண்ணா அக்கவுண்ட் நிக்கும், நின்னா யாருக்கு போன் போடணும்னு ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டுங்க. சொல்லாம பண்ணிட்டு ஒரு நாள் ராத்திரி ஸ்கிரீன் மூடிச்சுன்னா, நம்மள சந்தேகப்படறாங்கன்னு ஆயிடும், அதுக்கப்புறம் அந்த ஆபீஸ்ல யாரும் யாருக்கும் முகம் குடுத்து பேச மாட்டாங்க. இருபது வருஷமா கணக்கு பாக்கற ஆளுக்கு அந்த மரியாதை வேணும்.

குடந்தை_அட்மின்:

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம், இத நான் மேல எழுதியிருக்கணும். லாக்ஆஃப் பண்றதும் டிஸ்கனெக்ட் பண்றதும் வேற வேற. லாக்ஆஃப் கமாண்ட் அந்த ஆள் தொறந்து வச்சிருக்கற எல்லாத்தையும் மூடிடும், சேவ் பண்ணாதது போயிடும். டிஎஸ்டிஸ்கான் கமாண்ட் போட்டா ஸ்கிரீன் மட்டும் தான் அறுந்து போகும், உள்ள டேலி அப்படியே ஓடிகிட்டு இருக்கும், பாதி அடிச்ச வவுச்சர் அதே இடத்துல நிக்கும். அதனால ஸ்கிரிப்ட்ல வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல அந்த யூசர் அக்கவுண்ட டிஸேபிள் பண்ணு, அப்புறம் க்யூசர் கமாண்ட் (யார் யார் உள்ள இருக்காங்கன்னு காட்டும்) போட்டு செஷன் நம்பர எடுத்து டிஸ்கனெக்ட் பண்ணு, அப்புறம் மெசேஜ் அனுப்பு. வரிசைய மாத்தாதீங்க, அக்கவுண்ட டிஸேபிள் மட்டும் பண்ணா ஓடிகிட்டு இருக்கற செஷன் சாகாது, டிஸ்கனெக்ட் மட்டும் பண்ணா அடுத்த நிமிஷமே திரும்ப உள்ள வந்துடலாம். ரெண்டும் சேந்தா தான் கதவு சாத்தும். நீங்க போன் பண்ணி விசாரிச்சு நம்ம ஆள் தான்னு தெரிஞ்சா அக்கவுண்ட எனேபிள் பண்ணுங்க, அவங்க விட்ட இடத்துல இருந்து தொடரலாம், ஒரு எழுத்து கூட போகாது. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, குரூப் பாலிசில (விண்டோஸோட பொது விதிகள் இருக்கற செட்டிங்) டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு டைம் லிமிட் போட்டிருந்தா அந்த நேரம் முடிஞ்சதும் விண்டோஸே மொத்தமா மூடிடும், அத நீட்டி வைங்க.

ஃபைல் காப்பி விஷயத்துக்கு வரேன். டேலி டேட்டா ஃபோல்டர் மேல ஆடிட் போட்டு 4663 (ஃபைல தொட்டா விழற ஈவென்ட்) எண்ணலாம்னு நினைச்சீங்கன்னா வேணாம். டேலி அந்த ஃபோல்டர நிமிஷத்துக்கு நிமிஷம் படிச்சு எழுதிகிட்டே இருக்கும், லாக் வெள்ளமா ஓடும், செக்யூரிட்டி லாக் சைஸ் டீஃபால்ட்டா 20 எம்பி தான், ஒரு மணி நேரத்துல பழைய பதிவெல்லாம் அடிச்சுகிட்டு போயிடும். அதுக்கு பதிலா கிளிப்போர்டு, டிரைவ் ரெண்டும் ஆர்டிபி வழியா வெளிய போகாம குரூப் பாலிசிலயே அடைச்சுடுங்க, காப்பி அடிக்கவே வழி இல்லன்னா பிடிக்கற வேலை பாதி குறைஞ்சிடும். அப்புறம் யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு டம்மி ஃபைல, பாத்தா ஆசை வர்ற மாதிரி ஒரு பேரு வச்சு, ஒரு ஓரமா போட்டு அது மேல மட்டும் ஆடிட் வைங்க. அத தொறந்தா ஏறக்குறைய நிச்சயமா நோண்டற ஆள் தான். ஆனா ஆன்டிவைரஸும் பேக்அப்பும் கூட அத தொடும், அதுங்களோட ப்ராசஸ் பேர ஸ்கிரிப்ட்ல ஒதுக்கி விடணும்.

மன்னை_சிஸ்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யுபிஎஸ் விஷயம் அப்படியே தான் இருக்கு, யுஎஸ்பில மாட்டியிருக்கேன், டாஸ்க் ஓடாத நேரத்த எடுத்து பாத்தா எல்லாம் கரண்ட் போன நேரம். டிக்க எடுத்தாச்சு. 9 மணி ரூல விட்டுட்டேன், அக்கா சொன்னத முதலாளிகிட்ட அப்படியே சொன்னேன், அவரும் ஒத்துகிட்டார். ராத்திரி லாகினுக்கு மெசேஜ் மட்டும் வரும், நடவடிக்கை கிடையாது. போர்ட்ட மூடி ஒயர்கார்ட் போட ஆரம்பிச்சிருக்கேன்.

ஒரு சந்தேகம், முதலாளி எல்லா செஷனையும் வீடியோவா ரெக்கார்ட் பண்ணணும்ங்கறார். அதுவும் லாக்க எவ்வளவு நாள் வச்சிருக்கணும்?

நாகை_நெட்வொர்க்:

வீடியோ வேணாம் தம்பி. பாங்க் பாஸ்வேர்ட், ஓடிபி, ஆளுங்களோட சம்பளம் எல்லாம் அதுல பதிவாகும், அப்புறம் அந்த வீடியோவ காபந்து பண்றது சர்வர காபந்து பண்றத விட பெரிய வேலை. யார் எந்த வவுச்சர மாத்தினாங்கன்னு தெரியணும், அவ்வளவு தானே? டேலில எடிட் லாக் இருக்கு, அத ஆன் பண்ணுங்க. மில்லு பிரைவேட் லிமிடெட்னா 2023 ஏப்ரல் 1ல தொடங்கின நிதியாண்டுல இருந்து ஆடிட் டிரெயில் உள்ள சாஃப்ட்வேர் தான் வைக்கணும்னு கம்பெனி சட்ட விதியே இருக்கு.

லாக்குக்கு, செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி 180 நாள், அதுவும் இந்தியாக்குள்ளயே வச்சிருக்கணும், அதுல சொல்லியிருக்கற வகை சம்பவம் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துல தெரிவிக்கணும். லாக்க அதே சர்வர்ல மட்டும் வைக்காதீங்க, உள்ள வந்தவன் முத வேலையா அத தான் அழிப்பான். ஒரு பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டு வாசு (Wazuh) மாதிரி லாக் சேத்து கண்காணிக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சு அங்க அனுப்புங்க, ஓப்பன் சோர்ஸ் தான். அதுலயே தானா நடவடிக்கை எடுக்க ஆக்டிவ் ரெஸ்பான்ஸ்னு இருக்கு, டைம்அவுட் குடுத்தா போட்ட தடைய தானே எடுத்துடும், நீங்க பஸ்ல போயிட்டு இருந்தாலும் கவலை இல்ல. எல்லா மெஷின்லயும் கடிகாரம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எது முன்னாடி எது பின்னாடின்னே சொல்ல முடியாது.

குடந்தை_அட்மின்:

ஸ்கிரிப்ட் எழுதறப்ப ஒரு லோக்கல் அட்மின் அக்கவுண்ட விதிவிலக்கா வைங்க, எந்த ரூலும் அத தொடக்கூடாது, அதோட பாஸ்வேர்ட கவர்ல போட்டு முதலாளி பீரோல வைக்க சொல்லுங்க, அந்த அக்கவுண்ட்ல ஆர்டிபி வராத மாதிரி தடுத்து வைங்க, சர்வர் முன்னாடி உக்காந்தா மட்டும் தான் வேலை செய்யணும். அது இல்லாம உங்க ஸ்கிரிப்ட் உங்களையே வெளிய தள்ளிட்டா உள்ள போக வழியே இருக்காது.

அப்புறம் முதல் மாசம் எல்லா ரூலையும் மெசேஜ் மட்டும் அனுப்பற மாதிரி ஓட விடுங்க, டிஸேபிள் வரியையும் டிஸ்கனெக்ட் வரியையும் ஓடாத மாதிரி கமென்ட் போட்டு வைங்க. வர்ற மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல நெசமா, இல்லையான்னு ஒரு நோட்ல குறிச்சுகிட்டு வாங்க, எந்த ரூல் பொய்யா கத்துதோ அத திருத்துங்க. 4720, 4732, 1102, டம்மி ஃபைல் இது நாலுக்கு மட்டும் பொங்கலுக்கு முன்னாடி கமென்ட்ட எடுக்கலாம், பாக்கியெல்லாம் அறுவடை முடிஞ்சு பங்குனில பாத்துக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதினதும் இங்க போடுங்க, பாக்கறேன், ஈவென்ட்ல இருந்து யூசர் பேர ஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பறதுக்கு டாஸ்க்க எக்ஸ்எம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணி வேல்யூ க்வெரிஸ்னு ஒரு பகுதி சேக்கணும், அது ஷெட்யூலர் ஸ்கிரீன்ல கிடைக்காது, அதுல தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.