பென்மோன் மடாலயம்: எங்கே தொடங்குவது, எதைத் தவறவிடக் கூடாது

வேல்ஸின் வடமேற்கே ஆங்கிள்சி தீவு. அதன் கிழக்கு மூலையில், பழைய துறவி மடம் இருந்த பென்மோன். போமாரிஸ் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கட்டணம் கட்டி வண்டி நிறுத்தும் இடம் புறாமாடத்தை ஒட்டியே இருப்பதால் பலரும் அங்கே தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம், முதலில் தேவாலயத்துக்குள் போங்கள். பக்கத்தில் இடிந்து நிற்கும் துறவிகளின் உணவுக்கூடக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள உதவும் கல் உள்ளேதான் நிற்கிறது.

உள்ளே சுமார் ஆயிரம் ஆண்டு பழைய கற்சிலுவைகள் இரண்டு உண்டு. பெரியது 1977 வரை வெளியே திறந்தவெளியில் நின்று மழையிலும் காற்றிலும் தேய்ந்தது. அதில் எகிப்தியப் பாலைவனத் துறவி புனித அந்தோனியாரைப் பேய்கள் சோதிக்கும் காட்சி இருக்கிறது. நேராக நின்று பார்த்தால் வெறும் சொரசொரப்புதான் தெரியும். கைவிளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்ததும் உருவங்கள் எழுந்து வரும். கேமராவின் ஃபிளாஷ் நேரே அடித்து அந்த நிழலைக் கொன்றுவிடும், அணைத்துவிடுங்கள்.

சின்னச் சிலுவைக்கு ஒரு கை கிடையாது. அதை உணவுக்கூடத்து ஜன்னலின் மேல் உத்தரக்கல்லாக வைத்திருந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் உணவுக்கூடம் இருந்த, கூரையில்லாத அந்த மூன்றடுக்குச் சுவரைப் பார்க்கும் கண்ணே வேறு.

மூன்றடுக்கை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடலாம். கீழே சரக்கறை, நடுவே உணவுக்கூடம், மேலே படுக்கைக்கூடம். தளங்கள் போய்விட்டதால் எல்லாம் ஒரே உயரக் கூடம்போல் ஏமாற்றும். தென்கிழக்கு மூலை ஜன்னலில் ஓர் இருக்கை இருக்கிறது. மற்றவர்கள் சாப்பிடும்போது ஒரு துறவி அங்கிருந்து வாசிப்பார். இந்தப் பகுதி 13ஆம் நூற்றாண்டு, அகுஸ்தீன் சபைத் துறவிகள் வந்த பிறகு எழுந்தது. தேவாலயம் அதைவிட மூத்தது: நீள்மண்டபமும் கோபுரமும் 12ஆம் நூற்றாண்டு. 971இல் டேனிய வைக்கிங்குகள் அழித்த பழைய மடத்தில் கண்ணுக்குத் தெரிய அதிகம் மிஞ்சவில்லை.

தேவாலயத்தின் தெற்கு வாசலின் மேல் அரைவட்டக் கல்லில், தன் வாலையே கடிக்கும் விலங்கு ஒன்று செதுக்கியிருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அண்ணாந்து பார்க்காமலே போகிறார்கள், மனசு கேட்கவில்லை. ஞானஸ்நானத் தொட்டியையும் கவனியுங்கள், அது இன்னொரு சிலுவையின் பீடம்.

புறாமாடம் துறவிகளுடையது என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. 1538இல் மடம் கலைக்கப்பட்ட பின், 1600 வாக்கில் இந்தப் பகுதியின் நிலவுடைமைக் குடும்பமான பல்கலி குடும்பத்தார் கட்டியது. உள்ளே ஏறக்குறைய ஆயிரம் பொந்துகள். முட்டைக்கும் கறிக்கும் புறா வளர்த்தார்கள். நடுவில் ஒரு கல்தூண், அதிலிருந்து படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தூணில் ஏணியைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால் எல்லாப் பொந்துக்கும் கை எட்டும். குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் சின்னத் திறப்புக்கூடுதான் புறாக்களின் வாசல். தூணின் படிகளில் ஏறாதீர்கள்.

தேவாலயத்துக்குப் பின்னால், மீன்குளத்தை ஒட்டிப் போகும் பாதையில், இந்த மடத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் புனித செய்ரியோலின் ஊற்று இருக்கிறது. ஊற்றறையின் மேல்பகுதிச் செங்கல் பிற்காலத்தது. பக்கத்தில் தெரியும் நீள்வட்ட அடித்தளத்தைத்தான் 6ஆம் நூற்றாண்டுச் செய்ரியோலின் குடில் என்று காட்டுவார்கள். பாறைக்கு அடியில் வெயில் படாத இடம், கல் பாசி பிடித்திருக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

செய்ரியோல் காலையில் மேற்கே நடந்து, தீவின் மேற்கு முனையிலுள்ள ஹோலிஹெட்டிலிருந்து வரும் புனித கபியை வழியில் சந்தித்து, மாலையில் கிழக்கே திரும்புவாராம். வெயில் எப்போதும் முதுகில், அதனால் அவர் ‘வெளுத்த செய்ரியோல்’. கபிக்குப் போகும்போதும் வரும்போதும் முகத்தில் வெயில், அதனால் ‘பழுப்பேறிய கபி’.

உணவுக்கூடமும் ஊற்றும் பார்க்கக் கட்டணமில்லை. தேவாலயத்தில் வழிபாடு இன்றும் நடப்பதால் ஞாயிறு காலையைத் தவிருங்கள். அங்கிருந்து கடல்முனைக்குப் போவது கட்டணச் சாலை. நடந்தால் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். முனையில் 1838இல் கட்டிய கலங்கரை விளக்கமும், எதிரே செய்ரியோலின் பெயரையே தாங்கிய தீவும் தெரியும். காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் மேலங்கி வேண்டும்.