டார்வினை ஒப்பிக்கிறார்கள், லாமார்க்காக யோசிக்கிறார்கள்: உதவி தேவை

உசிலம்பட்டி பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பரிணாமப் பாடம் இரண்டு வாரமாக ஓடுகிறது, 42 பிள்ளைகள். டார்வினின் இயற்கைத் தேர்வை (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுவது) மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால், எட்டி எட்டித் தின்றதால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது, கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். வாழ்நாளில் பெற்ற மாற்றம் குட்டிகளுக்கும் போகும் என்ற லாமார்க்கின் பழைய கருத்து அது.

முதலில் புலிக்குளம் மாட்டை வைத்துத் தொடங்கினேன், டார்வினும் 1859 நூலை வளர்ப்புப் புறாக்களில்தானே ஆரம்பித்தார். மனிதர் வேண்டியதைப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்குவது உடனே புரிந்தது. "காட்டுல யாரு சார் பொறுக்குவா?" என்றாள் ஒரு பிள்ளை. அருமையான கேள்வி, அங்கேயே நின்றுவிட்டோம்.

அப்புறம் செம்மண் தரையில் பச்சைப்பயறும் கொள்ளும் நூறு நூறு தூவி, பிள்ளைகளை ஒரு நிமிடம் பொறுக்கவிட்டு, மிஞ்சியதை இரட்டிப்பாக்கி மூன்று சுற்று ஆடினோம். மண் நிறத்தில் கண்ணுக்குத் தப்பிய கொள்ளு பெருகியதை எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். மறுநாள் நோட்டில், 'கொள்ளு தப்பிக்க மண் நிறத்துக்கு மாறியது'.

ஜோதிமாணிக்கத்தில் ஒருவரிடம் கண்டறிந்த எம்130 என்ற மரபணு அடையாளத்தைச் சொன்னபோது கண் விரியக் கேட்டார்கள், நம்ம பக்கத்து ஊர் அல்லவா. ஆனால் அது ஆதிமனிதர் இடம்பெயர்ந்ததற்குச் சான்று, இயற்கைத் தேர்வுக்கு அல்ல.

தனி உயிர் மாறுவதில்லை, தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தில் உள்ள விகிதம்தான் மாறுகிறது என்பதை ஒரே பீரியடில் பிள்ளைகளுக்குப் பதிய வைத்த செயல்பாடு உங்களிடம் எது?