சாயம் மங்குவதற்கு ஒரு சொல்: மடலாடல்

காரிமங்கலம், அறிவியல் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை பள்ளியில் கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சளிலும் நீலச் சாயம் தரும் அவுரியிலும் துணி நனைத்து, பாதியை அட்டையால் மூடி மொட்டை மாடியில் காயப் போட்டார்கள். மஞ்சள் துணியில் வெயில் பட்ட பாதி சீக்கிரமே வெளுத்துவிட்டது. அவுரி அசையவில்லை. பலகையில் இதற்கு என்ன பெயர் எழுதுவது? ‘சாயம் போதல்’ என்றால் துவைக்கும்போது தண்ணீரில் இறங்குவதை நினைக்கிறார்கள். ‘வெளுத்தல்’ என்றால் சலவை. இங்கே சாயம் எங்கும் போகவில்லை, துணியில் இருந்தபடியே உடைகிறது.

ஓசூர், பெயிண்ட் வேதியியலர்:
ஆமாம் டீச்சர். சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் தொடர்தான் நிறம் காட்டுவது. புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் அதை நடுவில் அறுத்தால் போதும், மிஞ்சும் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாது. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்துப் பழைய பிளெக்ஸ்களைப் பாருங்கள், தலைவர்கள் எல்லாரும் நீலமாகச் சிரிப்பார்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் உடையும். செம்பு உள்ள ‘தாலோசயனின்’ என்ற நீல நிறமி லேசில் சாகாது. ‘ஒளிச்சிதைவு’ என்று எழுதுங்கள்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒளிச்சிதைவு என்றால் ஒளியே சிதைவதாகவும் படும். ஒளியால் சிதைவு என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்கலாம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை விரிக்குமா? ‘வெளிறு’ இருக்கிறதே! வயிரம் பாயாத மரம் வெளிறு. வள்ளுவர் ‘இன்மை அரிதே வெளிறு’ (503) என்று அறியாமையைச் சொல்கிறார். உள்ளே இருக்க வேண்டியது இல்லாமல் போவதுதான் எல்லா இடத்திலும் பொருள். ‘வெளிறல்’ என்க.

தேன்கனிக்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:
எங்கள் பாட்டி ‘சேலை நரைச்சுப் போச்சு’ என்பார். முடி நரைப்பதும் நிறமி இல்லாமல் போவதுதானே? கன்னடத்தில் நரெ, தெலுங்கில் நெரசின ஜுட்டு. மூன்று மொழி பேசும் எங்கள் ஊருக்கு ‘ஒளிநரை’ விளக்கமே இல்லாமல் புரியும்.

பென்னாகரம்:
அடடா! ‘யாண்டு பலவாக நரையில ஆகுதல்’ என்றாரே பிசிராந்தையார் (புறம் 191). மங்காத சாயத்துக்கு ‘நரையிலி’ என்றே பெயர் வைக்கலாம். நரை என்றதும் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லி நினைவுக்கு வருகிறது. நெல்லியின் துவர்ப்பில் உள்ள டானின் சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கவும் உதவும். இந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? என் வெளிறலைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓசூர்:
ஐயா, டப்பாவில் நரையிலி என்று போட்டால் தலைக்குத் தடவ வாங்கிப் போவார்கள். தவிர, முடி வெயிலால் நரைப்பதில்லை, வேரிலேயே நிறமி ஊறாமல் நின்றுவிடுகிறது. காரணம் வேறு.
இன்னொன்று. சுவரைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறதே, அங்கே கெடுவது வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின். அதையும் இந்தச் சொல்லுக்குள் திணிக்காதீர்கள். காவி மண் மங்கவே மங்காது. அது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடிப் பாறையில் பழங்கால வெள்ளை ஓவியம் இன்றும் தெரிகிறது என்றால் அதுவும் மண் நிறம் என்பதால்தான்.

காரிமங்கலம்:
இன்று சனிக்கிழமை இரவு. பலகை எழுதுபவர் காத்திருக்கிறார். ‘ஒளியால் நிறம் வெளிறல்’ என்று எழுதச் சொல்லிவிட்டேன். தனிமடலில் வந்த மூன்று பேருக்கும் இதுவே போதுமாம்.

ஓசூர்:
சரி. அப்புறம், வெளிறாமல் நிற்கும் திறனுக்கும் ஒரு சொல் வேண்டும். நீலக் கம்பளித் துணிகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை அதற்கு எண் கொடுப்பது வழக்கம். எட்டுதான் உறுதியானது. கடைக்காரர்கள் ‘கெட்டிச் சாயம்’ என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?

பென்னாகரம்:
கெட்டிச் சாயம் துவைப்பதற்குத்தான் பொருந்தும், வெயிலுக்கு அன்று. வெளிறல் என் சொல்தான் என்றாலும் அதை நான் கைவிட்டாயிற்று என்பதைப் பதிவு செய்கிறேன். பலகையின் அடியில் ‘நரைத்தல் என்றும் வழங்கும்’ என ஒரு வரி சேர்க்க இடமிருக்குமா, அம்மா?