ரேஞ்ச்ஃபைண்டருக்கு 75 மி.மீ எஃப்/1.25: 700 வெள்ளிக்குள் வாங்கினால் ஃபோகஸ் நிற்குமா?

ரோவெல்_ரோடு:
லைக்கா எம்10 பாடி, 50 மி.மீ எஃப்/2 லென்ஸ் இருக்கின்றன. முகப்படத்துக்கென்று ஒரு லென்ஸ் வேண்டும். இரண்டு இடம்தான் மனத்தில்: தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் ரோட்டு விளக்கு அலங்காரம், ஃபிளாஷ் இல்லாமல், மற்ற நாள்களில் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் கீழ்த்தளம், பகல் வெளிச்சம். பட்ஜெட் 700 வெள்ளி, பொருள் சேவை வரி உட்பட.

செவன்ஆர்ட்டிசன்ஸ் 75 எஃப்/1.25, அவர்களுடைய 50 எஃப்/1.1 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். 75-இல், முழுத்திறப்பான எஃப்/1.25-இல், ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு உருவத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் பார்க்கும் அமைப்பு) வைத்து ஃபோகஸை ஆளின் கண்ணில் நிறுத்தவே முடியாது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. உண்மையா? பழகினால் வருமா, இல்லை கருவியே தாங்காதா?

கேம்_ரோலர்:
பழக்கத்துக்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

எம்10-இன் இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் சாளரங்களுக்கு இடையே 69.25 மி.மீ. வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.73. பெருக்கினால் பயன்படும் அடித்தளம் (இது நீண்டால் ஃபோகஸ் துல்லியம் கூடும்) ஏறக்குறைய 50 மி.மீ. ஒரு லென்ஸுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு: குவியத்தூரத்தின் வர்க்கத்தை எஃப் எண்ணாலும் 0.03 மி.மீ மங்கல் வட்டத்தாலும் (ஒரு புள்ளி இந்த அளவுக்குள் மங்கினால் கூர்மை என்றே கொள்வோம்) வகுத்து, 0.0003-ஆல் பெருக்குங்கள். 0.0003 ரேடியன் என்பது கண்ணின் பிரித்தறியும் திறன், தோராயமாக ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.

50 எஃப்/1.1: 23 மி.மீ.
75 எஃப்/1.5: 37.5 மி.மீ.
75 எஃப்/1.25: 45 மி.மீ.
90 எஃப்/1.25: 65 மி.மீ.

ஆக 75 எஃப்/1.25 எம்10-இல் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பில். டிடிஆர்ட்டிசன் 90 எஃப்/1.25 வெளியே போய்விட்டது. அதை லைவ் வியூ (பின்திரையில் பார்த்து ஃபோகஸ் செய்வது) இல்லாமல் வாங்குவது வீண். டிஜிட்டலில் 100% பெருக்கிப் பார்க்கிறவர்களுக்கு 0.03 தாராளம். 0.02 என்று வைத்தால் 75-க்கே 67 மி.மீ கேட்கும். அப்போது கண்பகுதியில் 1.4 மடங்கு உருப்பெருக்கி திருக வேண்டும். அடித்தளம் 70-ஐத் தொடும். அந்த உருப்பெருக்கியின் விலையையும் 700-க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கில் பெஸ்ஸா ஆர்2 என்ற ஃபிலிம் பாடிக்குக் கிடைப்பது 26 மி.மீ மட்டும். அந்த பாடியில் இந்த 75-கள் எதையும் முழுத்திறப்பில் நம்ப முடியாது.

குவிய ஆழம்: 75 எஃப்/1.25-இல் 1 மீட்டரில் மொத்தம் 12 மி.மீ, 1.5 மீட்டரில் 28 மி.மீ, 2 மீட்டரில் 5 செ.மீ. 1 மீட்டரில் ஆள் மூச்சு விட்டாலே 12 மி.மீ போய்விடும். 1.5 மீட்டருக்கு அப்பால் நின்றால் பிழைத்தீர்கள். லென்ஸ் 0.8 மீட்டர் வரை வரும் என்பதற்காக 0.8-இல் எடுக்க வேண்டும் என்றில்லை.

பகல்வெளிச்சம்:
கணக்கு சரி. ஆனால் கீழ்த்தளம் என்றால் பின்னால் வெயில் அடிக்கும் கார்பார்க் இருக்கும், அதை யாரும் யோசிப்பதில்லை. நண்பகலில் ஐஎஸ்ஓ 200-க்கு எஃப்/16, 1/200 என்ற பழைய விதியை எஃப்/1.25-க்கு மாற்றினால் 1/32000 வரும். எம்10 ஷட்டர் 1/4000-இல் நின்றுவிடும். 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் சரியாக 1/4000. திறந்த நிழலில் ஃபில்டர் இல்லாமலே அங்கேதான் நிற்பீர்கள். 75-க்கு 62 மி.மீ விட்டம், 50 எஃப்/1.1-க்கு 55. ரேஞ்ச்ஃபைண்டரில் ஒரு வசதி, ஃபில்டர் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வியூஃபைண்டர் இருட்டாது. அதனால்தான் கழற்ற மறந்து இரவில் படம் எடுப்பார்கள்.

இரவில் சிராங்கூன் ரோடு விளக்கடியில் எஃப்/1.25 என்றால் ஐஎஸ்ஓ 400, 1/250 போதும். அந்த வெளிச்சத்துக்கு எஃப்/2-உம் ஐஎஸ்ஓ 1000-உம் எம்10-க்குச் சிரமமே இல்லை. அதாவது வெளிச்சத்துக்காக எஃப்/1.25 தேவையில்லை, பின்னணி கரைவதற்காக மட்டும்தான். அது தெரிந்து வாங்குங்கள்.

75 எஃப்/1.25 சுமார் 600 கிராம். ஹூட் போட்டால் ஃபிரேமின் வலது கீழ் மூலையை லென்ஸே மறைக்கும். 75-இன் ஃபிரேம்லைன் (வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் கோடு) எம் பாடிகளில் 50-உடன் சேர்ந்து, மூலைக் கோடுகளாக மட்டுமே தெரியும். அதிலும் ஒரு மூலை போனால் ஊகம்தான். ஃபோக்ட்லேண்டர் 75 எஃப்/1.5 நாக்டன் 350 கிராம், 0.7 மீட்டர் வரை போகும். புதிதாக உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், கரோசல் இணையச் சந்தையில் பழையதாகப் பாருங்கள். அரை ஸ்டாப் இழப்பு, பாதி எடை மிச்சம். என் ஓட்டு அதற்கே. (2017-இல் வந்த லைக்காவின் 75 எஃப்/1.25 நாக்டிலக்ஸ் 1 கிலோவைத் தாண்டும். அதோடு ஒப்பிட்டு 600 கிராமை லேசு என்பவர்கள் தோளில் மாட்டி நடந்ததில்லை.)

ரோவெல்_ரோடு:
நன்றி. நாக்டன் பழையதாகக் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் செவன்ஆர்ட்டிசன்ஸ்தான். அவர்கள் லென்ஸில் பின்பக்கக் கேமை (பாடியின் ரேஞ்ச்ஃபைண்டரை நகர்த்தும் உலோக விளிம்பை) நாமே திருத்தலாம் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? திருத்திக் கெடுத்துவிட்டால்?

கேம்_ரோலர்:
கெடாது, அவசரப்படாமல் செய்தால். பாதிப் பேர் பாடியில் இருக்கும் பிழையை லென்ஸில் திருத்துகிறார்கள். பிறகு மற்ற லென்ஸ் எல்லாம் தப்பாகத் தெரியும்.

முதலில் உங்கள் 50 எஃப்/2. காலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று நங்கூரமிட்ட கப்பல் ஒன்றின் கோபுரத்தைப் பாருங்கள். மதியம் வேண்டாம், கானல் ஆட்டம் இரட்டை உருவத்தைக் கலைத்துவிடும். முடிவிலியில் இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிறகு வீட்டில் 1 மீட்டரில் சோதனை. இரண்டும் சரியென்றால் பாடி சரி. இல்லையென்றால் பாடியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், லென்ஸைத் தொடாதீர்கள்.

அடுத்து புது 75. முக்காலி, 45 டிகிரி சாய்வில் ஓர் அளவுகோல், தூரம் 1.5 மீட்டர், எஃப்/1.25. ரேஞ்ச்ஃபைண்டரில் பொருத்தி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்துவிட்டு, முடிவிலிப் பக்கமிருந்து ஐந்து, அருகிலிருந்து ஐந்து. பத்துப் படமும் ஒரே பக்கம் தப்பினால் அது கேம். முன்னும் பின்னும் சிதறினால் அது உங்கள் கண் அல்லது டயாப்டர் (கண்பகுதியில் மாட்டும் பார்வைத் திருத்த லென்ஸ்). சிதறலுக்குத் திருகாணி மருந்தாகாது.

கேம் எந்தப் பக்கம் போக வேண்டும்? எம் மவுண்டில் லென்ஸ் அருகே ஃபோகஸ் ஆக ஆக கேம் பாடியை விட்டு முன்னால் விலகும், பாடிக்குள் இருக்கும் ரோலர் அதைத் தொடர்ந்து வரும். ஃபோகஸ் ஆளுக்கு முன்னால் விழுகிறதென்றால் லென்ஸ் தேவைக்கு மேல் வெளியே வந்திருக்கிறது. கேம் பாடியிலிருந்து இன்னும் விலக வேண்டும். ஆளுக்குப் பின்னால் விழுந்தால் பாடியை நோக்கி நெருங்க வேண்டும். திருகுகளைத் தளர்த்துமுன் கேமின் பழைய இடத்தை நுனி மெலிந்த மார்க்கரால் குறித்துவிடுங்கள். லென்ஸைப் பின்பக்கம் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தூசி உள்ளே போகக்கூடாது. திருகுகளைக் கழற்றாதீர்கள், தளர்த்தினால் போதும். முடி அளவு நகர்த்தி, இறுக்கி, பாடியில் மாட்டி மறுபடி பத்துப் படம். மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடும்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. இந்தத் திருத்தம் கேமை மொத்தமாக முன்னும் பின்னும் தள்ளும், அதன் சரிவை மாற்றாது. 1 மீட்டரில் சரியாகி 4 மீட்டரில் விலகினால், அல்லது தலைகீழாக இருந்தால், கேம் தேய்த்த விதமே தப்பு. திருத்திக்கொண்டே இருக்காமல் கடையில் மாற்றுங்கள். இதற்காகவே பெனின்சுலா பக்கம் உள்ள கேமராக் கடைகளில் நேரில் வாங்குவது நல்லது என்பேன். உங்கள் பாடியைக் கொண்டுபோய், பணம் கட்டுமுன் 1 மீட்டர், 3 மீட்டர், சாலைக்கு அந்தப் பக்கம் என்று மூன்று தூரம் பார்த்துவிடலாம்.

ஃபிலிம்_ரோல்_36:
ஃபிலிம் பாடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: லைக்கா எம் ஃபிலிம் பாடிகளில் ஷட்டர் 1/1000 வரைதான். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், வெயில், எஃப்/1.25 என்றால் 6 ஸ்டாப் என்டி வேண்டும். எம்3-இல் 75-க்கு ஃபிரேம்லைனே கிடையாது. ஆனால் உருப்பெருக்கம் 0.9-ஐத் தாண்டுவதால் அடித்தளம் 60 மி.மீ-க்கு மேல், ஃபோகஸுக்கு எம்10-ஐ விட நல்லது.

பகல்வெளிச்சம்:
ஒன்று விட்டுப்போனது. வியூஃபைண்டரின் நடுத்திட்டில் ஆளின் கண்ணைப் பொருத்திவிட்டு கேமராவைச் சாய்த்து ஃபிரேம் அமைப்பதில் இன்னொரு பிழை வரும். 1 மீட்டரில் 8 டிகிரி சாய்த்தால் ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 1 செ.மீ பின்னால் போய்விடும். அரைத் தலைமுடி கூர்மையாகவும் இமை மங்கலாகவும் வரும் படங்களில் பாதி இதனால்தான், கேமை யாரும் பழி சொல்ல வேண்டாம். சாய்த்த பிறகு இடுப்பிலிருந்து ஒரு விரற்கடை பின்வாங்குங்கள். இல்லையென்றால் முகத்தை நடுவிலேயே வைத்து அகலமாக எடுத்து, பிறகு வெட்டுங்கள். எம்10-இல் 24 மெகாபிக்சல் இருக்கிறது, தாங்கும்.

ரோவெல்_ரோடு:
இமை மங்கல், முடி கூர்மை: என் 50-இலேயே 0.7 மீட்டரில் அப்படித்தான் வருகிறது. கப்பலும் அளவுகோலும் சனிக்கிழமை காலை.